பலகை எழுதவும் பிழைக்கவும்: பழைய வண்ணாரப்பேட்டைப் பட்டறையின் ஞாயிறு வகுப்பு

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டின் துணிக்கடை நெரிசலைக் கடந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடைப் பலகைகளும் சுவர் விளம்பரங்களும் எழுதிவரும் ஓவியர் ஒருவர் தம் பட்டறையிலேயே ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறார். எட்டு வகுப்புகள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், கட்டணம் 4,000 ரூபாய். எனாமல் பெயிண்ட், தூரிகை, எழுதிப் பழகத் தகரப் பலகை எல்லாம் இதில் அடக்கம். தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வண்டியில் செல்பவர்கள் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பிடித்த வேலையையே பிழைப்பாக்கிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டும் வகுப்புகளுக்கு நம் ஊரில் குறைவில்லை. அவற்றுள் நான் பார்த்த பலவும் கலையைக் கற்றுக்கொடுத்துச் சான்றிதழையும் கையில் கொடுத்து அனுப்பிவிடும். மாத வாடகை எங்கிருந்து வரும் என்ற பேச்சை எடுத்தால் முகம் சுளிக்கும். இந்தப் பட்டறையில் அந்தப் பேச்சுக்குப் பாதி நேரம் ஒதுக்கப்படுகிறது. இவ்வகுப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு முதற்காரணம் அதுவே.

முதல் இரண்டு வாரங்கள் எழுத்தைத் தொடவே விடுவதில்லை. நூலில் சாக்பீஸ் தூளைத் தேய்த்துப் பலகையின் இருமுனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டி நேர்கோடு விழச் செய்வதும், தூரிகையை டப்பாவின் விளிம்பில் இருபுறமும் வழித்துத் தட்டையாக்குவதும், ஒரே மூச்சில் ஒரு கோட்டை இழுத்து முடிப்பதும்தான் பயிற்சி. மூன்றாவது வாரம் வரும் தமிழ் எழுத்துக் கணக்கு இவ்வகுப்பின் மிகச் சிறந்த பகுதி. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு கோடுகள் போதும். தமிழுக்கு நான்கு வேண்டும். நடுவில் உள்ள இரண்டு கோடுகளுக்குள் எழுத்தின் உடல் நிற்க, கி, கீ ஆகியவற்றின் விசிறி, அதாவது தலைமேல் வரும் வளைவு, மேலே ஏறுவதற்கும், து, ழு போன்றவற்றின் சுழி கீழே இறங்குவதற்கும் இடம் விட வேண்டும். அகலத்திலும் ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு விதம்: ர, கால், ஒற்றைக் கொம்பு ஆகியவை அரை எழுத்து, ண, ஞ, ஐ ஆகியவை ஒன்றரை. கடைப்பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பலகையைச் சமமாகப் பங்கிட்டவர்கள் எல்லோரும் கடைசி எழுத்தை நெருக்கிச் செருக வேண்டியதாயிற்று. அதைப் பார்த்துச் சிரித்தபடி மாஸ்டர் சொன்னார்: "எழுத்த எண்ணாதப்பா, அகலத்த எண்ணு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு பட்டறையில் நடப்பதில்லை. அனைவரும் தங்கசாலைத் தெரு வழியாகச் சௌகார்பேட்டை வரை நடந்து பழைய பலகைகளைப் பார்க்கிறோம். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை போல் வளைந்த கொம்புடைய லை, னை ஆகியவற்றைத் தாங்கிய பலகைகள் இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்படுகின்றன. மங்கிய ஒரு பலகையின் முன் நின்று, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எழுதியவர் எந்த எழுத்தில் தூரிகையை மீண்டும் தோய்த்தார் என்றெல்லாம் அவர் காட்டிக்கொண்டே வந்தபோது, தினமும் கடந்து செல்லும் தெருவை இத்தனை நாள் ஏறிட்டே பார்த்ததில்லை என்று உடன் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஐந்தாம் வாரத்திலிருந்து பணக் கணக்கு தொடங்குகிறது. சுவருக்குச் சதுர அடிக் கணக்கில் எப்படி விலை சொல்வது, பலகைக்கு எழுத்தின் உயரத்தை வைத்து எப்படிச் சொல்வது, சாரம் கட்டும் கூலியை யார் தலையில் வைப்பது, முன்பணம் வாங்காமல் ஏன் பிரைமர்கூட அடிக்கக் கூடாது என்பதெல்லாம் தம் பழைய பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் புரட்டியபடியே விளக்குகிறார். வருமானம் எந்தெந்த வழியில் போயிற்று என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். ஃபிளெக்ஸ் வந்து கடைப் பலகைகளைக் கொண்டுபோனது. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு இயந்திரத்தில் அச்சிட்டு வரும் உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை கட்டாயமானதும், தினமும் கைச்செலவுக்கு உதவிய நம்பர் பிளேட் வேலை வற்றத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்த பிறகு, பேனர் வைக்க வேண்டாம் என்று கட்சிகளே தொண்டர்களுக்கு அறிவுறுத்தியபோது, சுவர் வேலை சில மாதங்கள் கூடி, பிறகு பழைய நிலைக்கே திரும்பிவிட்டதாம்.

இப்போது அவருக்குச் சோறு போடுவது காசிமேடு மீன்பிடித் துறைமுகம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகுகள் பழுதுபார்ப்புக்காகக் கரையேறும். பெயிண்ட் அடித்து, பெயரும் பதிவெண்ணும் புதிதாக எழுதிய பிறகே மீண்டும் கடலுக்குப் போகும். அந்த இரண்டு மாத வருமானம்தான் ஆண்டின் மற்ற மாதங்களில் அவர் தமக்குப் பிடித்ததை வரைவதற்கு இடங்கொடுக்கிறது. பட்டறையின் பின்சுவரில் யாரும் கேட்காமல் அவர் வரைந்து வைத்திருக்கும் துறைமுகக் காட்சிகளைக் கேட்பவர்களுக்கு மட்டும் காட்டுவார், கேளுங்கள்.

இத்தகைய ஏற்பாடு புதிதல்ல. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்கள், மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். சந்தை இல்லாத ஓவியத்தைச் சந்தை உள்ள துணி தாங்கிப் பிடித்தது. இதைக் கலைக்கு நேர்ந்த இழுக்காகக் கருதுபவர்களோடு எனக்கு ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. படகுக்குப் பதிவெண் எழுதும் கைதான் படமும் வரைகிறது. எண் கோணாமல் நிற்க வேண்டும் என்ற கண்டிப்பு படத்தின் கோட்டிலும் தெரிகிறது.

எங்களோடு பயின்ற இளைஞர் ஒருவர், பெருங்குடியில் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர், ஆறாம் வாரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வேலைய வுட்டுட்டு இதுக்கே வந்துரலாமா மாஸ்டர்?" பதில் உடனே வந்தது: "ஆறு மாசம் கரண்டு பில்லும் வாடகையும் இந்த பிரஷ்ல சம்பாதிச்சிக் கட்டிப் பாரு. அப்புறம் என்னாண்ட வந்து கேளு." அவர் முகம் வாடியது உண்மைதான். ஆனால், மாணவர் மனம் குளிர ஏதாவது சொல்லி அடுத்த நிலைக்கான கட்டணத்தையும் கறந்துவிடும் வழக்கம் பெருகியிருக்கும் காலத்தில், இந்தப் பதிலுக்காகவே 4,000 ரூபாய் தரலாம்.

குறைகளும் இருக்கின்றன. பத்து மணி வகுப்பு பத்தே முக்காலுக்கு முன் தொடங்கிய நினைவில்லை. அறைக்கு ஒரே ஜன்னல்; டர்பன்டைன் நெடி மதியத்துக்குள் தலைவலியைக் கொண்டுவந்துவிடும். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பட்டறை அலமாரியில் அதற்கு முந்தைய காலத்து டப்பாக்களும் கலந்து கிடக்கின்றன. கேட்டால் எடுத்து ஓரமாக வைக்கிறார், அடுத்த வாரம் அவை மீண்டும் நடுவே வந்துவிடுகின்றன. கீரிமுடித் தூரிகையைப் பற்றி அவர் பெருமூச்சோடு பேசுவார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதன் விற்பனை குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது. மாணவர்களுக்குத் தருவது செயற்கை இழைத் தூரிகைகள்தான். இருவருக்கு ஒன்று என்று பகிர வேண்டியிருப்பதால், சொந்தமாகத் தட்டைத் தூரிகை இரண்டு வாங்கிச் செல்வது உத்தமம்.

நிறங்களைச் சேர்க்கும் பாடம் மிகவும் மேலோட்டமானது: மஞ்சளுக்குச் சிவப்பு, நீலத்துக்கு வெள்ளை என்று இரண்டு வாய்பாடுகளோடு நகர்ந்துவிடுகிறார். பாடக்குறிப்பு என்று எதுவும் தருவதில்லை. விலைக் கணக்கையாவது நாமே குறித்துக்கொள்ள வேண்டும். கணினியில் எழுத்துரு வடிவமைக்க விரும்புபவர்களுக்கு முதல் நான்கு வாரங்கள் பெரிதும் பயன்படும், மீதி அவ்வளவாகப் பயன்படாது. பெண்கள் தயங்காமல் சேரலாம். எங்கள் பிரிவில் பாதிப் பேர் பெண்களே. பட்டறையில் கழிப்பறை இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தம் வீட்டைத் திறந்துவிடுகிறார் என்றாலும், ஒவ்வொரு முறையும் கேட்டுப் போவது சங்கடமாகத்தான் இருந்தது.

ஒரு பிரிவுக்கு எட்டுப் பேரை மட்டுமே சேர்த்துக்கொள்கிறார். இணையப் பதிவு கிடையாது. மாலை ஆறு மணிக்கு மேல் நேரில் சென்று பெயர் கொடுத்து, பாதிப் பணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். ஏப்ரல் நடுவில் சென்றால் பட்டறை பூட்டியிருக்கும். அப்போது காசிமேட்டுக்கே போய்ப் பார்க்கலாம். முந்தைய மாணவர்களில் கோடு கோணாமல் இழுக்கத் தெரிந்தவர்களைப் படகு வேலைக்கு அழைத்துக்கொண்டு நாட்கூலியும் கொடுக்கிறார். புதியவர்களுக்கான அடுத்த பிரிவு, தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய பிறகு ஜூன் கடைசியில் தொடங்கும் என்று சொல்லியிருக்கிறார்.