மேசைமேல் வைக்கும் எலக்ட்ரோஸ்பின்னிங் மெஷின்: மருந்து ஏற்றிய இழைக்குச் சரிப்படுமா?

உடலுக்குள் தானாகச் சிதைந்து மறையும் பாலிமரில் மருந்தை ஏற்றி, அந்தக் கரைசலை உயர் மின்னழுத்தத்தால் இழுத்து நானோ இழையாக நூற்பதற்காக (இதுதான் எலக்ட்ரோஸ்பின்னிங்) எங்கள் ஆய்வகத்தில் வாங்கிய மெஷின் இது. மூடிய கேபினட், 30 கிலோவோல்ட் வரை போகும் பவர் சப்ளை, இரண்டு சிரிஞ்சு பம்பு, இழை வந்து படியும் தட்டையான கலெக்டர், சுழலும் டிரம், கூடவே ஈரப்பதக் கட்டுப்பாடு. வாங்கலாம். ஆனால் ஈரப்பதக் கட்டுப்பாடு இல்லாமல் விலை குறைத்து ஒரு மாடல் விற்கிறார்கள், இழையிலிருந்து மருந்து வெளியேறும் வேகத்தை அளக்கும் மருந்து வெளியீட்டு வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

விளம்பரத்தில் வோல்டேஜைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். நாங்கள் நூற்கும் பாலிமர் பிசிஎல் ஆனாலும் பிஎல்ஜிஏ ஆனாலும் எங்களுக்கு 12 முதல் 18 கிலோவோல்ட்டுக்குள் வேலை முடிந்துவிடுகிறது. ஊசி முனைக்கும் கலெக்டருக்கும் 15 சென்டிமீட்டர், பம்பு மணிக்கு 1 மில்லிலிட்டர், அவ்வளவுதான். மின்புலம் இழுப்பதால் கரைசல் துளி கூம்பாக நீளும்; 1964-இல் ஜெஃப்ரி டெய்லர் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டு விளக்கிய அந்தக் கூம்பு ஊசி முனையில் ஆடாமல் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு உள்ளே கேமராவும் விளக்கும் வைத்திருக்கிறார்கள், அது உண்மையிலேயே நல்ல யோசனை.

ஈரப்பதத்துக்கு வருகிறேன். குளோரோஃபார்ம் மாதிரி சீக்கிரம் ஆவியாகும் கரைப்பானில் நூற்கும்போது இழையின் மேல்பரப்பு சட்டென்று குளிர்கிறது, காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் நுண்ணிய நீர்த்துளிகள் அதில் படிந்து, காய்ந்தபிறகு இழை முழுக்கக் குழி குழியாகிவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் மேல்பரப்பளவு கூடிவிடுவதால் மருந்து வெளியேறும் வேகமும் மாறிப்போகும். ஈரம் ரொம்பக் குறைந்தாலும் தொல்லைதான், ஊசி முனையிலேயே பாலிமர் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மழை நாளில் நூற்றதும் வெயில் நாளில் நூற்றதும் ஒரே வெளியீட்டு வரைகோட்டை (எந்த நேரத்தில் எவ்வளவு மருந்து வெளியேறியது என்று காட்டுவது) தர வேண்டுமானால் கேபினட்டுக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்தே ஆக வேண்டும். இந்த மெஷின் 40 சதவீதத்தில் வைத்தால் அங்கேயே நிற்கிறது. நான் இதைப் பரிந்துரைக்க இது ஒன்றே போதும்.

குறை என்றால் கூட வந்த கோஆக்சியல் ஊசி, அதாவது குழாய்க்குள் குழாய் வைத்த ஊசி. டெட்ராசைக்ளின் ஹைட்ரோகுளோரைடு போல நீரில் கரையும் மருந்தை பிசிஎல்லோடு வெறுமனே கலந்து நூற்றால் பெரும்பகுதி இழையின் மேற்புறத்துக்கே வந்து ஒட்டிக்கொண்டு, பஃபரில் (அமிலத்தன்மை மாறாத சோதனைக் கரைசல்) போட்ட சில மணி நேரத்திலேயே கொட்டிவிடும். அதனால்தான் மருந்தை உள்ளே வைத்து, சுற்றி பாலிமர் உறை போட்டு நூற்கிறோம். இவர்கள் தந்த ஊசியில் உள்குழாய் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் உறை ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரிகிறது, மெலிந்த பக்கம் வழியாக மருந்து ஓடிவிடுகிறது. வேறு இடத்தில் தனியாக ஊசி வாங்கிப் போட்டபிறகுதான் உருப்படியான இழை கிடைத்தது. கதவு அக்ரிலிக்கில் செய்தது, அதுவும் சரியில்லை. குளோரோஃபார்ம் தெறித்தால் அக்ரிலிக் கரையும், எங்கள் கதவு இப்போதே மங்கிவிட்டது.

கதவைத் திறந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடுகிறது, நல்லது. ஆனாலும் கலெக்டரில் மின்னூட்டம் மிச்சமிருக்கலாம், எர்த் கம்பியால் தொட்டுவிட்டுத்தான் கையை வையுங்கள். புகைபோக்கி இணைப்பையும் மறக்காதீர்கள், டிஎம்எஃப் என்ற கரைப்பான் ஈரலுக்குக் கெடுதல். இழையில் தங்கும் கரைப்பானுக்கும் மருந்துத் தர விதிகளில் வரம்பு உண்டு (குளோரோஃபார்முக்கு 60 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 60 பங்கு), அதனால் வெற்றிடத்தில் நன்றாக உலர்த்த வேண்டும். பிஎல்ஜிஏவை மட்டும் சூடாக்கி உலர்த்தாதீர்கள், 45 டிகிரி தாண்டினாலே இளகத் தொடங்கிவிடும். 37 டிகிரி பஃபரில் போட்டாலே அந்த இழை விரிப்பு சுருங்குவதுண்டு, அதற்கு மெஷினைக் குறை சொல்லி லாபமில்லை.

வேகத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 10 சதவீதக் கரைசலை மணிக்கு 1 மில்லிலிட்டர் விட்டால் கிடைப்பது 0.1 கிராம் இழைதான். ஆய்வகச் சோதனைக்குப் போதும், விலங்குச் சோதனை வரை போகிறவர்கள் பல ஊசி பொருத்தும் மாடலைப் பாருங்கள்.

டெமோ கேட்கும்போது வெறும் பிசிஎல்லை நூற்றுக் காட்டினால் திருப்திப்பட்டுவிடாதீர்கள், அது எந்த மெஷினிலும் வரும். உங்கள் மருந்தையும் உங்கள் கரைப்பானையும் கொடுத்து, ஈரப்பதம் 30-இல் ஒரு விரிப்பு, 60-இல் ஒரு விரிப்பு நூற்கச் சொல்லி, இரண்டையும் எடுத்துவந்து வெளியீட்டை அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.