சைபர் பைட் ஃபாண்டும் என் பேக்கப் நிரலும்: மூன்று வருட அனுபவம்

சிராங்கூன் சாலைப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அண்ணன் ஒருவருக்கு, மேக்கில் ஓடும் சின்ன பேக்கப் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதிக் கொடுத்தேன். கடை மூடும்போது ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் வெளி டிரைவுக்குப் போய்விடும்.

முதல் வருடம் ஒரு குறையுமில்லை. அப்புறம் அவர் மேக்கை மாற்றி, பேக்கப்பிலிருந்து கோப்புகளைப் புது மேக்கில் போட்டார். "தம்பி, பழைய தமிழ் ஃபாண்ட் எல்லாம் சைபர் பைட்னு காட்டுதே!" அதாவது அளவு பூஜ்யம், உள்ளே ஒன்றுமில்லை.

அவை பழைய சூட்கேஸ் வகை ஃபாண்டுகள். சரக்கு முழுக்க ரிசோர்ஸ் ஃபோர்க்கில், அதாவது மேக் கோப்போடு ஒட்டியிருக்கும் மறைவான இரண்டாம் பகுதியில் இருக்கும். வழக்கமான டேட்டா பகுதி காலி. பைத்தானில் கோப்பை நகலெடுக்கும் காப்பி2, மேக்கில் அந்த ஃபோர்க்கைத் தொடுவதில்லை. கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. இதைவிட வெட்கம், நகலெடுத்ததும் ஷா-256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) போட்டு ஒப்பிட்டும் பார்த்தேன். காலியும் காலியும் பொருந்தத்தானே செய்யும்? தினமும் 'சரி' என்றே வந்தது. பழைய மேக்கை அவர் இன்னும் தூக்கிப் போடாததால் தப்பித்தேன்.

இப்போது நகலெடுப்பது மேக்கின் டிட்டோ கட்டளை, அது ஃபோர்க்கையும் சேர்த்தே எடுக்கும். இரண்டு வருடமாக எதுவும் தொலையவில்லை. ஆனால் மாறியதை மட்டும் எடுக்கத் தெரியாது, தினமும் முழுசாக இழுக்கும், அதுதான் எரிச்சல். இப்படிக் கூடுதல் ஒட்டு உள்ள கோப்பைக் கண்டுபிடிப்பது சுலபம்: டெர்மினலில் கோப்புகளைக் காட்டும் எல்எஸ் -எல் பட்டியலில் அனுமதி எழுத்துகளுக்குப் பின்னால் @ தெரிந்தால் உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிறது. எல்எஸ் -எல்@ என்று அடித்தால் பெயரும் அளவும் வரும். இந்த ஒட்டுகளைப் பட்டியலிடும் பைத்தானின் லிஸ்ட்எக்ஸ்ஏடிடிஆர் லினக்ஸில் மட்டும்தான் என்பதால், மேக்கின் எக்ஸ்ஏடிடிஆர் கட்டளையைக் கூப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் தனியாக ஷா போடுகிறேன்.

வெளி டிரைவ் முதலில் எக்ஸ்ஃபேட் (மேக்கும் விண்டோஸும் படிக்கும் வடிவம்). அதில் ஃபோர்க்கெல்லாம் புள்ளி, அடிக்கோட்டில் தொடங்கும் தனிக் கோப்பாக உட்கார்ந்திருக்கும். அண்ணன் மகன் குப்பை என்று நினைத்து அத்தனையும் அழித்தான். உடனே மேக்கின் சொந்த வடிவமான ஏபிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றிவிட்டேன். பில் போடும் விண்டோஸ் கணினியிலும் இப்படி ஒளிந்தது ஏதும் உண்டா என்று டிர் /ஆர் அடித்துப் பார்த்தேன். இணையத்திலிருந்து வந்தது என்ற ஸோன் குறிப்பு மட்டும்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் காப்பாற்றினால் வேண்டாததும் கூடவே வரும். எந்த முகவரியிலிருந்து இறக்கினோம் என்பதுகூடக் கோப்போடு ஒட்டிக்கொள்கிறது. வெளியாளுக்குக் கொடுக்குமுன் அதைத் துடைக்கிறேன். ஒன்று கவனம்: எக்ஸ்ஏடிடிஆர் -சி போட்டால் ரிசோர்ஸ் ஃபோர்க்கும் சேர்ந்தே போய்விடும். -டி போட்டு, முகவரி இருக்கும் அந்த ஒரு பெயரை மட்டும் நீக்குங்கள்.