சிம்மக்கல் ரேடியோ அண்ணன் கடை: பழைய ஸ்பெக்ட்ரம் கேசட்டுகளை நம்பிக் கொடுக்கலாம்

எடுத்தவுடனே சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் வாங்கிய கம்ப்யூட்டர் கேசட் ஏதாவது உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் இந்தக் கடைக்கு எடுத்துப் போங்கள். போகும்போது கையோடு ஒரு பென் டிரைவும் கொண்டுபோய், "அண்ணே, வேவ் ஃபைலை அழிச்சிடாம இதுல போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். வேவ் என்பது கேசட் சத்தத்தைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைல். இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மதுரை சிம்மக்கல்லில் இறங்கி வடக்கு வெளி வீதிப் பக்கம் நடந்தால் ஒரு சந்து வரும், உள்ளே போய் மாடி ஏற வேண்டும். கீழே டீக்கடையில் "ரேடியோ அண்ணன்" என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். ஆம்ப்ளிஃபயர், வால்வு ரேடியோ, டேப் டெக் ரிப்பேர்தான் அவருக்குப் பிரதான வேலை. கேசட்டில் இருக்கும் கேமை ஃபைலாக மாற்றிக் கொடுப்பது ஆசைக்குச் செய்வது, அதனால்தானோ என்னவோ அதில் அவ்வளவு பொறுமை.

எங்கள் மெஷின் ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற வீட்டுக் கம்ப்யூட்டர், கேமைச் சாதாரண ஆடியோ கேசட்டிலிருந்து ஏற்றும். 1986இல் தாய்மாமா சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. சிங்க்ளேர் கம்பெனி 1982இல் விட்ட ஸ்பெக்ட்ரமுக்கு ரப்பர் கீபோர்டை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் கீபோர்டு வைத்து 1984இல் விட்ட மாடல் இது, உள்ளே அதே இசட்80 சிப், அதே 48 கே மெமரி. கூடவே ஏழு கேசட். மூன்று கடையில் வாங்கிய அசல், அதில் ஒன்று மேனிக் மைனர் என்ற கேம். இரண்டு, மாமா தன் டபுள் டெக்கில் நண்பர்களிடமிருந்து காப்பி எடுத்தவை. மிச்சம் இரண்டு இங்கே நாங்களே பதிந்தவை. அதில் ஒன்றை வீட்டில் யாரோ பாட்டு கேசட் என்று நினைத்து மேலேயே ரெக்கார்டு செய்திருக்கிறார்கள், ஒரு பக்கத்தில் இளையராஜா, பாட்டு முடிந்ததும் "கீ..." என்று கேம் சத்தம் தொடங்கும்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் வேறு ஒரு இடத்தில் கொடுத்து ஏமாந்தேன். கல்யாண வீடியோவையும் பழைய பாட்டு கேசட்டையும் மாற்றிக் கொடுக்கும் ஸ்டுடியோ அது. இரைச்சலையெல்லாம் சுத்தமாக எடுத்துவிட்டோம் சார் என்று சந்தோஷமாக எம்பி3 ஃபைல் கொடுத்தார்கள். ஒரு கேம்கூட லோட் ஆகவில்லை. பாட்டுக்குச் சரியான வேலைதான், கேமுக்கு விஷம். ஏனென்றால் இந்தக் கேசட்டில் இருப்பது கேட்பதற்கான சத்தமே இல்லை. ஸ்பெக்ட்ரம் ஒவ்வொரு பிட்டையும் ஓர் அலையின் நீளமாகப் பதிகிறது: பூஜ்யம் என்றால் சுமார் 2000 ஹெர்ட்ஸில் ஒரு குட்டை அலை, ஒன்று என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு நீளத்தில் சுமார் 1000 ஹெர்ட்ஸில் ஒரு நெட்டை அலை. திரும்பப் படிக்கும்போது சத்தம் எவ்வளவு பெரிது என்பதை அது பார்ப்பதில்லை, அலை எப்போது மேலிருந்து கீழே போகிறது, எப்போது கீழிருந்து மேலே வருகிறது என்று நேரத்தை மட்டும் எண்ணுகிறது. இரைச்சல் நீக்கம், டால்பி, எம்பி3 எல்லாம் அந்த நேரத்தை அங்கங்கே தேய்த்துவிடும். காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, மெஷினுக்குத் தெரியும்.

அண்ணன் வேலை செய்ததைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் டெக்கைத் திறந்து ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தார், பஞ்சு பழுப்பாக வந்தது. பெல்ட் போன வாரம்தான் மாற்றியது என்றார். கேசட்டை உடனே ஓடவிடவில்லை. ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்ப ஆரம்பம்வரை ஓட்டி, நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் விடட்டும் என்று காத்திருந்தார். அப்புறம் பிளேயை அழுத்திவிட்டு, ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவில் மெல்லிய டிரைவரை வைத்து நூல் நூலாகத் திருப்பினார். மந்தமாக மூக்கடைத்தது போல வந்துகொண்டிருந்த சத்தம் ஒரு இடத்தில் சட்டென்று தெளிந்து காதைக் குத்தியது, அங்கேயே நிறுத்தினார். பதிந்த டெக்கின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் படிக்கும் ஹெட்டும் நின்றால்தான் உயர் ஸ்வரங்கள் முழுசாக வரும். மாமாவின் டபுள் டெக்கில் எடுத்த காப்பிகளுக்கு ஒரு சாய்வு, அசல் கேசட்டுக்கு வேறு சாய்வு, ஒவ்வொரு கேசட்டுக்கும் இந்த ஸ்க்ரூவைத் திருப்புகிறார். இதைச் செய்யாமல் நூறு சாஃப்ட்வேர் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

ரெக்கார்டிங்கும் பார்த்துத்தான் செய்கிறார். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து நேராக லேப்டாப்புக்கு, நொடிக்கு 44,100 சாம்பிளில், சுருக்காத வேவ் ஃபைலாக. இடது வலது இரண்டையும் கூட்டாமல் எது தெளிவோ அந்த ஒரு சேனலை மட்டும் எடுக்கிறார். ஹெட் துளி சாய்ந்திருந்தாலும் இரண்டு சேனலுக்கும் நேரத்தில் இம்மி வித்தியாசம் வரும், கூட்டினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும் என்று காரணமும் சொன்னார். அதற்குப் பிறகுதான் வேவ் ஃபைலைப் படித்து டேப் (TAP) என்ற கேம் ஃபைலாக மாற்றும் புரோகிராமில் போடுகிறார். லேப்டாப்பிலேயே ஸ்பெக்ட்ரமைப் போல ஓடும் ஃப்யூஸ் எமுலேட்டரோடு வரும் கருவிகளைத்தான் பெரும்பாலும் வைத்திருக்கிறார், எல்லாம் இலவசம், வீட்டில் நாமே செய்யலாம். ஆனால் அந்த ஸ்க்ரூ வேலைக்கு அனுபவக் கை வேண்டும்.

அக்காவின் கேசட்டில்தான் அவர் திறமை முழுசாகத் தெரிந்தது.

அக்கா பிளஸ் ஒன் படிக்கும்போது பேசிக் என்ற புரோகிராம் மொழியில் ஒரு கேம் எழுதினாள். மேலிருந்து தமிழ் எழுத்துகள் விழும், கீழே கூடையை நகர்த்திச் சரியான வரிசையில் பிடித்தால் ஒரு சொல் சேரும். ஸ்பெக்ட்ரமில் தமிழ் ஏது? நாமே வரைந்துகொள்ள 21 எழுத்துகளுக்கு மட்டும் இடம் உண்டு, ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டு கட்டம். கணக்கு நோட்டில் கட்டம் போட்டு, கறுத்த கட்டங்களுக்கு 128, 64, 32 என்று ஒன்று வரை கூட்டி, எழுத்துக்கு எட்டு எண், ஆக மொத்தம் 168 எண். ஞ, ண மாதிரி எழுத்துகள் ஒரு கட்டத்துக்குள் நிற்காது, இரண்டு கட்டம் தின்றுவிடும் என்பதால் அவை வரும் சொற்களையே விட்டுவிட்டாள். புள்ளி வைத்த ம் தனி எழுத்து, அதற்கு ஓர் இடம். இருக்கிற எழுத்தில் எந்தெந்தச் சொல் தேறும் என்று ராத்திரி உட்கார்ந்து பட்டியல் போடுவாள், மரம், படம், மதுரை என்று. நோட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. கேசட் மட்டும் இருந்தது.

கடைக் கேம்கள் தொலைந்தாலும் கவலை இல்லை. வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம் என்ற தளம் 1995இலிருந்து சேர்த்து வைத்ததில் ஆயிரக்கணக்கான கேம் இருக்கிறது, மேனிக் மைனர் வேண்டுமென்றால் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். உரிமையாளர்கள் சிலர் அனுமதி தரவில்லை என்று அந்தக் கேம்களை மட்டும் இறக்கத் தராமல் வைத்திருந்தார்கள், அது நியாயம்தான். ஆனால் அக்காவின் கேம் உலகத்தில் அந்த ஒரு நாடாவில்தான் இருந்தது. எனவே எதை முதலில் கொடுப்பது என்று யோசிப்பவர்களுக்குச் சொல்கிறேன், அசல் லேபிள் ஒட்டிய கேசட்டை அல்ல, பேனாவால் கையெழுத்தில் எழுதிய கேசட்டை முதலில் கொடுங்கள்.

அக்காவின் கேமை லோட் செய்தால் கடைசியில் "டேப் லோடிங் எரர்" வந்தது. ஸ்பெக்ட்ரம் ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் சரிபார்ப்புக்கு ஒரு பைட் வைக்கிறது. எங்கோ தப்பு இருக்கிறது என்று அது சொல்லும், எங்கே என்று சொல்லாது. அண்ணன் அதே பக்கத்தை நான்கு தடவை ரெக்கார்டு செய்து ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டார். மூன்று இடம் சரியாயின, ஓர் இடம் நான்கிலும் ஒரே மாதிரி தப்பு, நாடாவிலேயே பவுடர் உதிர்ந்திருக்கிறது. சரி என்று அந்தக் கடைசி பைட்டை மட்டும் திருத்தி, மெஷின் ஏற்றுக்கொள்ளும்படி செய்து ஓடவிட்டார். கேம் வந்துவிட்டது! எழுத்துகள் விழுந்தன. "து" மட்டும் நடுவில் ஒரு கோடு போட்டு உடைந்திருந்தது.

புரோகிராமை வரிவரியாக ஏ4 தாளில் அச்சடித்துப் பார்த்தோம், 168 எண்ணும் இருக்கின்றன, துவுக்கான எட்டும் கூட்டிப் பார்த்தால் சரி. அங்கேதான் அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். ஸ்பெக்ட்ரம் பேசிக் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை வைத்திருக்கிறது, நாம் படிக்க இலக்கமாக ஒன்று, அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஐந்து பைட்டில் இன்னொன்று. ஓடும்போது அது படிப்பது மறைந்திருக்கும் இரண்டாவதைத்தான். கெட்டது அதில் ஒரு பைட். அந்த வரியை எடிட்டுக்குக் கொண்டுவந்து ஒன்றையும் மாற்றாமல் என்டரை அழுத்தச் சொன்னார். மெஷின் இலக்கத்தைப் பார்த்து மறைந்திருப்பதைப் புதிதாக எழுதிக்கொண்டது. அடுத்த தடவை து முழுசாக விழுந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவுக்கு வீடியோ காலில் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "டேய், கூடை வலது ஓரத்துக்குப் போனா மாட்டிக்கும், பாரு" என்றாள். போய்ப் பார்த்தேன், மாட்டிக்கொண்டது.

குறைகளும் உண்டு. மூன்று வாரம் ஆகும், போன் போட்டால் எடுக்க மாட்டார், நேரில் போனால்தான் பதில். ரசீது கிடையாது, அதனால் கேசட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். பெரிய குறை, மாற்றி முடித்ததும் இடம் போதவில்லை என்று வேவ் ஃபைலை அழித்துவிடுகிறார். என் அசல் கேசட் ஒன்றில் டர்போ லோடர், அதாவது கம்பெனியே தன் இஷ்டத்துக்கு வேகமாகப் பதிந்தது. அதை அவர் டேப் ஃபைலாகக் கொடுத்தார், ஓடவில்லை. அந்த வகை ஃபைலில் வழக்கமான வேகத்துக்குத்தான் இடம் உண்டு, டர்போவுக்கு அலை நேரங்களையும் குறித்து வைக்கும் டிஸெட்எக்ஸ் (TZX) ஃபைல்தான் வேண்டும். வேவ் இருந்திருந்தால் வீட்டிலேயே மாற்றியிருப்பேன். இல்லாததால் நாடாவை இன்னொரு தடவை ஓட்ட வேண்டியதாயிற்று. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலான நாடா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் உதிர்கிறது. ஃபைலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், நாடாவை அப்படி ஓட்ட முடியாது. சொன்னதும் தப்பை ஒத்துக்கொண்டார், காசு வாங்காமல் திரும்பச் செய்து கொடுத்தார்.

கேசட்டுக்கு 250 ரூபாய் வாங்கினார், அக்கா கேசட்டுக்கு மெனக்கெட்டதற்கு நானாகச் சேர்த்துக் கொடுத்தேன். 1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரின் கேசட்டும் எடுப்பார், அதன் பதிவு முறை வேறு, ஃபைலும் வேறு, அதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஃபிளாப்பி பக்கம் அவர் போவதில்லை.

மெஷினையும் அவரிடமே கொடுத்து டிவி ஆன்டெனா சிக்னலாக மாற்றும் மாடுலேட்டரைத் தாண்டி நேராக வீடியோ அவுட் எடுத்தேன், இப்போது ஹால் டிவியில் ஓடுகிறது. பழைய அடாப்டர் போயிருந்தால் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு 9 வோல்ட்டைச் செருகிவிடாதீர்கள், ஸ்பெக்ட்ரமுக்கு உள் முனை நெகட்டிவ், இப்போது விற்பதில் பெரும்பாலும் உள் முனை பாசிட்டிவ். கேமை போனிலிருந்தே ஏற்றலாம், வேவாக மாற்றி ஒயரை இயர் சாக்கெட்டில் செருகி, சத்தத்தை முழுசாக வைத்து, ஜே பட்டனை அழுத்தினால் லோட் என்ற சொல் வரும், இரண்டு மேற்கோள் குறி, என்டர். போனை ஏரோபிளேன் மோடில் போட மறக்க வேண்டாம், நடுவில் ஒரு மெசேஜ் சத்தம் வந்தாலும் ஐந்து நிமிடம் வீண். முதலில் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டையாக ஓடும், அப்புறம் நீலமும் மஞ்சளும் சன்னமாகத் துடிக்கும், அது வந்தால் படிக்கிறது என்று அர்த்தம்.

கீபோர்டு மெம்பரேன், அதாவது பட்டன்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷீட், மட்டும் காய்ந்து ஒடிந்துவிட்டது, இடது பக்கம் நான்கு பட்டன் வேலை செய்யவில்லை. புதிதாகச் செய்து விற்கிறார்கள், அண்ணனிடம் வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா வருகிறாள், கூடை மாட்டிக்கொள்ளும் அந்த வரியை அவளே வந்து திருத்துவதாகச் சொல்லியிருக்கிறாள், அதற்குள் வந்துவிட வேண்டும்.