‘ஒறிஜினல்’ என்று விற்கப்பட்ட புரத மா: யாழ்ப்பாணத்தில் உடற்பயிற்சி செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த ஆண்டு நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேறிய வாரத்தில், யாழ் நகரில் நான் செல்லும் உடற்பயிற்சி நிலையத்தின் பயிற்றுநரிடம் 24,500 ரூபா கொடுத்து ஒரு ரின் வே புரோட்டீன் வாங்கினேன். அது முடிந்ததும் அதே விலைக்கு இன்னொன்றும் வாங்கினேன். இரண்டிலும் இருந்தது, ரின்னின் மேல் எழுதியிருந்த பொருள் அல்ல. அந்த நிலையத்தில் என்னைப் போல் இன்னும் பலர் வாங்கியிருக்கிறார்கள், அவர்களுள் க.பொ.த. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும் அடங்குவர் என்பதால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

எனக்கு வயது 46. பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். குருதியில் சீனி எல்லையை நெருங்குகிறது என்று வைத்தியர் எச்சரித்த பின்னரே உடற்பயிற்சிக்குச் செல்லத் தொடங்கினேன். திருவிழாவின் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. மீனும் முட்டையும் இல்லாத அந்த நாட்களில் புரதத்துக்கு என்ன செய்வது என்று பயிற்றுநரிடம் கேட்டேன். “சேர், வே பாலிலயிருந்து எடுக்கிறது, சைவந்தான். கடையளில வாங்காதேங்கோ, டூப்ளிகேற் தந்திடுவினம். எனக்குத் துபாயிலயிருந்து நேரா வருது” என்று அவர் சொன்னார். பாற்கட்டி தயாரிக்கும்போது பிரியும் நீரிலிருந்து பெறப்படுவதே வே புரதம் என்பதால், அவர் சொன்னதில் பாலைப் பற்றிய பகுதி சரியானதே. நகரில் அதே பெயருள்ள ரின் 34,000 ரூபாவுக்கு விற்கும்போது இவர் எப்படி 24,500 ரூபாவுக்குத் தருகிறார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். லக்கேஜில் வருவதால் வரி இல்லை என்று அவராகவே சொன்ன காரணத்தை ஏற்றுக்கொண்டு, அவருடைய தனிப்பட்ட வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினேன். பற்றுச்சீட்டு தரப்படவில்லை.

ரின்னில் 2.27 கிலோகிராம் மா இருப்பதாகவும், 31 கிராம் கொள்ளும் ஒரு கரண்டியில் 24 கிராம் புரதம் கிடைக்கும் என்றும், மொத்தம் 73 கரண்டி வரும் என்றும் அச்சிடப்பட்டிருந்தது. நாளொன்றுக்கு இரண்டு கரண்டி எடுத்தால் 36 நாட்களுக்குப் போதும். ஆனால் 26ஆம் நாளே ரின் வெறுமையாகிவிட்டது. கரண்டியைக் குவித்து எடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். எடை 72 கிலோகிராமிலிருந்து 75 ஆனபோது, அது தசை வளர்ச்சி என்று பயிற்றுநர் பாராட்டினார். இடுப்புப் பட்டியில் ஒரு துளை தள்ளிப் போட வேண்டியிருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதற்கும் ஒரு விளக்கம் இருந்திருக்கும்.

இரண்டாவது ரின்னின் நடுப்பகுதியில் வழமையான குருதிப் பரிசோதனை வந்தது. வெறுவயிற்றுச் சீனி டெசிலீற்றருக்கு 108 மில்லிகிராமாக இருந்தது 129 ஆகியிருந்தது. சோற்றைக் குறைத்து, தேநீருக்குச் சீனியை நிறுத்தி, கிழமைக்கு ஐந்து நாள் பயிற்சி செய்யும் ஒருவருக்கு இப்படி ஏறக் காரணம் என்ன என்று வைத்தியர் யோசித்துவிட்டு, புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். புரத மாவைத் தவிர வேறொன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை. சீனி ஏறியதற்கு அந்த மா மட்டுமே காரணம் என்று நான் அறுதியிட்டுக் கூறமாட்டேன்; ஆயினும் அன்றிரவு ரின்னை மேசையில் வைத்து ஆராயத் தொடங்கினேன்.

முதலில் கரண்டியை மட்டமாக வழித்து, சமையலறைத் தராசில் மாவை நிறுத்தேன். 31 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் தராசு 43 என்று காட்டியது. ரின் 26 நாளில் முடிந்ததன் கணக்கு அப்போதுதான் விளங்கியது. வே மா இலேசானது. அதே கரண்டியில் மாப்பொருளை நிரப்பினால் நிறை கூடும். பின்னர் அடிப்பக்கத்தில் காலாவதித் திகதி ஒட்டப்பட்டிருந்த சிறிய வெள்ளை ஸ்ரிக்கரை நகத்தால் மெல்லக் கிளப்பினேன். அதன் கீழே வேறொரு திகதி ஏதோ கரைசலால் துடைக்கப்பட்டு, மை நீல நிறமாகப் பரவியிருந்தது. ஆண்டின் கடைசி இலக்கத்தை மட்டும் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் வாசிக்க முடிந்தது. அந்த ஆண்டு கடந்து போயிருந்தது.

மறுநாள் பாடசாலை ஆய்வுகூடத்தில், இறக்குமதியாளரிடம் பற்றுச்சீட்டுடன் வாங்கிய சக ஆசிரியர் ஒருவரின் வே மாவில் ஒரு கரண்டியையும், என்னுடையதில் ஒரு கரண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தரம் ஆறு பிள்ளைக்கும் தெரிந்த, மாப்பொருள் இருக்கிறதா என்று காட்டும் அயடீன் சோதனையைச் செய்தேன். அவருடைய மாவில் விட்ட துளி அயடீனின் மஞ்சட்கபில நிறத்திலேயே நின்றது. என்னுடையதில் விட்ட துளி, விழுந்த கணத்திலேயே கருநீலமாகி, கிண்ணத்தின் விளிம்பு வரை மை போல் ஊறியது. கொதிநீர் ஊற்றியபோது அவருடைய மா, முட்டை வெள்ளைக்கரு திரைவது போலக் கட்டி கட்டியாகத் திரண்டது. வே புரதம் வெப்பத்தில் அப்படித்தான் இறுகும். என்னுடையது கட்டியில்லாமல் தடித்து, கரண்டியில் ஒட்டும் கூழாக வந்தது. ஏலக்காய் சேர்த்திருந்தால் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் கஞ்சிதான் அது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் ஒருவன் நாளுக்கு 86 கிராம் அந்த மாவைக் குடித்திருக்கிறான் என்பதை நினைத்தபோது, பணம் போனதைவிட அதுவே எனக்குக் கோபத்தைத் தந்தது.

இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்ல வேண்டும். அயடீன் நிறம் மாறினால் மாப்பொருள் கலந்திருக்கிறது என்று அர்த்தம். நிறம் மாறாவிட்டால் மா சுத்தமானது என்று அர்த்தமில்லை. மாப்பொருளைச் சிறு துண்டுகளாக உடைத்துப் பெறும் மோல்ரோடெக்ஸ்ரின் கலந்திருந்தால் கருநீலம் தோன்றாமல் போகலாம். அதைவிட நுட்பமான ஏமாற்று ஒன்றும் உண்டு. வழமையான ஆய்வுகூட முறையில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. புரதத்தில் உள்ள நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். ஆகவே கிளைசீன், ரோரீன் போன்ற மலிவான நைதரசன் சேர்வைகளைக் கலந்தால், தசைக்கு உதவும் முழுப் புரதம் இல்லாமலே கணக்கில் புரதம் கூடிவிடும். 2008இல் சீனாவில் குழந்தைப் பால்மாவில் மெலமைன் என்ற நைதரசன் மிகுந்த தொழிற்சாலை இரசாயனத்தைக் கலந்தவர்கள் பயன்படுத்தியதும் இதே ஓட்டையைத்தான். அதனால் இலட்சக்கணக்கான குழந்தைகள் சிறுநீரகக் கல்லாலும் பிற சிறுநீரகக் கோளாறுகளாலும் பாதிக்கப்பட்டனர். வீட்டு மேசையில் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பயிற்றுநரிடம் ரின்னைக் கொண்டுபோய்க் காட்டினேன். “தம்பி, இதுக்குள்ள இருக்கிறது புரதமில்லை, மாப்பொருள்” என்றேன். அவர் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. தனக்குத் தந்தவரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். ஒரு கிழமைக்குப் பின் என்னுடைய வைபர் செய்திகளைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். ஒரு ரின்னுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரகு கிடைக்கிறது என்பதை அங்கு பயிற்சி செய்யும் வேறொருவர் சொன்னார். அந்த இளைஞர் பயிற்சி கற்றுத் தருவதில் கெட்டிக்காரர். முழங்காலை எப்படி மடிப்பது, முதுகை எப்படி வைப்பது என்று அவர் சொல்லித் தந்தவை இன்றும் எனக்கு உதவுகின்றன. அந்த நம்பிக்கையின் பேரில்தான் மாவையும் வாங்கினேன். உங்களுக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்று சொல்பவரும் அந்தப் புரதத்தை விற்பவரும் ஒருவராக இருக்கும் இடத்தில் எனக்கு நேர்ந்தது யாருக்கும் நேரலாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அதன் துரித இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும். பலர் யோசித்து யோசித்தே அந்தக் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். என்னிடம் பற்றுச்சீட்டு இல்லாததால், வங்கியில் பணம் அனுப்பிய பதிவையும் வைபர் உரையாடலின் படங்களையும் இணைத்தேன். உணவு தொடர்பான முறைப்பாட்டை உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கொண்டுசெல்லலாம்.

இனி வாங்குபவர்கள் ரின்னின் பளபளப்பையும் தங்கநிற ஸ்ரிக்கரையும் பாராமல், இறக்குமதியாளரின் பெயரும் இலங்கை முகவரியும் அதில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்; லக்கேஜில் வந்த ரின்னில் அது இராது. கியூ.ஆர். குறியை வருடியதும் ‘உண்மையான பொருள்’ என்று பச்சை எழுத்தில் வந்தால் நம்பிவிடாதீர்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. பின்னர் பார்த்தபோது அந்த இணைய முகவரியில் நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே செல்லுங்கள். தடைசெய்யப்பட்ட பொருட்கள் உள்ளனவா என்று பரிசோதித்துத் தரப்படும் ‘இன்ஃபோம்ட் ஸ்போர்ட்’ சான்று பெற்றதாக எழுதியிருந்தால், அந்தச் சின்னத்தை யாரும் அச்சடிக்கலாம் என்பதால், ரின்னில் உள்ள தொகுதி இலக்கத்தை அவர்களுடைய தளத்தில் தேடிப் பாருங்கள்.

பாடசாலை அணிகளில் பாரம் தூக்கும், ஓடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எனக்குக் கிடைத்தது வெறும் மாப்பொருள். அதைவிட மோசமானதும் கிடைக்கலாம். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிதியுதவியுடன் ஜேர்மனியின் கொலோன் ஆய்வுகூடம் 2000, 2001ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டக் குறைநிரப்பிகளை ஆராய்ந்தபோது, 94இல் உறையில் எழுதப்படாத, தடைசெய்யப்பட்ட ஹோர்மோன் சார்ந்த பொருட்கள் இருந்தன. ஊக்கமருந்துப் பரிசோதனையில் அகப்பட்டால், தெரியாமல் உட்கொண்டேன் என்று சொல்வது பிள்ளையைக் காப்பாற்றாது. உடலில் இருந்ததற்கு விளையாட்டு வீரரே பொறுப்பு என்பதே விதி. ஒரே மாதத்தில் உடம்பு ஏறும் என்று விற்கப்படும் எதையும் வளரும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

இத்தனைக்கும் எனக்கு அந்த மா தேவைப்பட்டதா என்பதைப் பின்னர்தான் கணக்குப் பார்த்தேன். சாதாரண வாழ்க்கைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளுக்கு 0.8 கிராம் புரதம் போதும். தசைப் பயிற்சி செய்பவருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை சொல்லப்படுகிறது. 72 கிலோகிராம் உள்ள எனக்குக் குறைந்தது 100 கிராம். வீட்டுச் சாப்பாட்டில் 60 அளவில் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்தது. மீதி 40ஐ இரண்டு முட்டை, 50 கிராம் பயறு, ஒரு கோப்பை பால், மதியம் இன்னொரு துண்டு மீன் என்று நிரப்பிவிட்டேன். மச்சம் இல்லாத நாட்களில் சோயா மீற்றும் கச்சானும் தயிரும் அந்த இடத்துக்கு வருகின்றன. சமைக்காத உலர்ந்த சோயா மீற்றில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும், மா என்றாலும் மீன் என்றாலும், புரதத்தைக் கூட்டுவதற்கு முன் தங்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டும். நேர்மையாகத் தயாரிக்கப்பட்ட வே மா கெட்ட பொருள் அல்ல. பசி குறைந்த முதியவருக்கும் நேரமில்லாதவருக்கும் அது உதவும்.

உங்கள் வீட்டிலும் இப்படி வாங்கிய ரின் இருந்தால், ஆத்திரத்தில் மாவைக் கொட்டிவிடாதீர்கள். மூடியையும் கரண்டியையும் அடியிலுள்ள ஸ்ரிக்கரையும் அப்படியே வைத்து, தொகுதி இலக்கத்தைப் படம் எடுத்து, வாங்கிய திகதியிலிருந்து மூன்று மாதம் எப்போது முடிகிறது என்பதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். என்னுடைய இரண்டாவது ரின்னில் பாதி மிச்சம் இருக்கிறது; மாதிரி எடுக்க வருவார்கள் என்று அதை நாடா ஒட்டி அலுமாரியில் வைத்திருக்கிறேன்.