பெரிய தெரு இந்து மேல்நிலைப் பள்ளி: பெயர் சரி, பிரிவு எது?

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் திருவல்லிக்கேணி, ஐஸ்ஹவுஸ், மீர்சாகிப்பேட்டைப் பக்கத்துப் பெற்றோர் விசாரிக்கத் தொடங்கும் பெயர்களில் பெரிய தெரு இந்து மேல்நிலைப் பள்ளியும் ஒன்று. "அங்கே படிப்பு எப்படி?" என்று கேட்பார்கள். இதற்கு ஒரே பதில் கிடையாது. அரசு உதவி பெறும் பழைய பள்ளி எதை எடுத்தாலும், ஒரே வாசலுக்குள் இரண்டு பள்ளிகள் நடக்கலாம். எந்த மீடியம், எந்தப் பிரிவு, எந்த குரூப் என்பதைப் பொறுத்து கட்டணமும் ஆசிரியரும் அரசுச் சலுகையும் மாறும். ஆகவே இங்கே பேசப்போவது பெரும்பாலும் அதைத்தான். பெருமையை முதலில் சொல்லி முடித்துவிடலாம்.

பள்ளி தொடங்கிய ஆண்டு 1852. சென்னைப் பல்கலைக்கழகத்தைவிட ஐந்து வயது மூத்தது. இப்போதுள்ள முகப்புக் கட்டிடம் 1897ஐச் சேர்ந்தது. ஹென்றி இர்வின் வரைந்து கொடுக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டினார். உயர் நீதிமன்றக் கட்டிடத்திலும் இதே இரண்டு பேரின் கை இருக்கிறது. பேச்சாற்றலுக்குப் பெயர்பெற்ற அரசியல் தலைவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இங்கே எட்டு ஆண்டுகள் தலைமை ஆசிரியராக இருந்தார். 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், அதாவது நம் டியூசிஎஸ், தொடங்கியதிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் 1922 முதல் 1925 வரை இங்கே படித்துவிட்டு மாநிலக் கல்லூரிக்குப் போனார். 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

எல்லாம் உண்மை, எல்லாம் பெருமைதான். ஆனால் வருகிற ஜூனில் பிளஸ் ஒன் இயற்பியல் யார் எடுக்கப்போகிறார் என்பதை இதில் எதுவும் சொல்லாது.

விசாரிக்கப் போகும்போதே ஒரு குழப்பம் வரும். 'இந்து' என்ற பெயரில் திருவல்லிக்கேணியில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் நடக்கும் சீனியர் செகண்டரி பள்ளியும் உண்டு. நாம் பேசும் மேல்நிலைப் பள்ளி மாநிலப் பாடத்திட்டம், அரசு உதவி பெறுவது. இரண்டுக்கும் கட்டணம் வேறு, புத்தகம் வேறு, சேர்க்கை முறையும் வேறு. கூகுள் மேப்பில் ஒன்றுக்குப் போட்ட ஸ்டார் இன்னொன்றின் கணக்கில் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு என்பதால், அந்த மதிப்பீடுகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

இனி எய்டட் விஷயம். உதவி பெறும் பிரிவில் ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, தமிழ் மீடியத்தில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது, பாடநூல் இலவசம். பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இல்லை, வீட்டிலிருந்து டப்பா கட்டித்தான் ஆக வேண்டும். பிளஸ் ஒன்னில் மிதிவண்டி கிடைக்கும். இதே மாதிரிப் பள்ளிகளில் ஆங்கில மீடியம் பல இடங்களில் சுயநிதிப் பிரிவாகவே நடக்கிறது. அங்கே ஆசிரியருக்கு நிர்வாகம் சம்பளம் தரும், பெற்றோர் கட்டணம் கட்டுவார்கள். ஒரே வராந்தாவில் அடுத்தடுத்த அறைகள் என்றாலும் கணக்குப் புத்தகம் வேறு. எனவே அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த செக்ஷன் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" என்பதுதான். கட்டும் எந்தப் பணத்துக்கும் பள்ளிப் பெயர் அச்சிட்ட ரசீது வேண்டும் என்று நின்று கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி ஆசிரியர் பணியிடம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் எய்டட் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று கல்வித் துறை நிர்ணயிக்கும். எண்ணிக்கை இறங்கினால் பணியிடம் உபரி ஆகும், ஆசிரியரைப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பலாம். ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்பத் துறையின் அனுமதி வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில் நிர்வாகம் தன் பணத்தில் தற்காலிக ஆசிரியரை வைத்துச் சமாளிக்கும். குறைந்த சம்பளத்துக்கு வந்தவர் நல்ல இடம் கிடைத்ததும் நடு வருடத்தில் கிளம்பிவிடுவார். நகரின் பழைய பேட்டைகளில் இருக்கும் எய்டட் பள்ளிகள் பலவற்றின் தலைவலி இதுதான். குடும்பங்கள் வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் போய்விட்டன, வீடுகள் மேன்ஷன்களாகிவிட்டன, அதாவது தனியாட்கள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. பிள்ளைகள் குறைய, பணியிடமும் குறைகிறது. ஆகவே "டீச்சர் இருக்காங்களா?" என்று கேட்டால் போதாது, "இருக்காங்க" என்ற பதில்தான் வரும். நீங்கள் சேர்க்கப்போகும் குரூப்பின் நான்கு முதன்மைப் பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, அவர் ஓய்வு பெற எத்தனை வருடம் இருக்கிறது என்று கேளுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

பெற்றோர் அதிகம் தடுக்கி விழுவது மீடியத்தில்தான்.

தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியத்திலோ படித்த பையன் கல்லூரியிலோ ஐடிஐயிலோ சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கு வரும். பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டமும் பிறகு எய்டட் பள்ளித் தமிழ் மீடியத்துக்கு விரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் "இனிமேல் இங்கிலீஷ் மீடியம் போகட்டும்" என்று மாற்றினால் இந்தப் பணம் போய்விடும். மூன்று வருட டிகிரிக்கு அது சிறிய தொகை அல்ல.

டிஎன்பிஎஸ்சி வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2010இல் வந்த சட்டத்தை 2020இல் இறுக்கினார்கள். அதன் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று காட்ட வேண்டும். நர்சரி பள்ளியில் ஐந்தாவது வரை ஆங்கில மீடியம் படித்துவிட்டு ஆறாவதில் தமிழ் மீடியம் வந்த பிள்ளைக்கு இது கிடைக்காது. கிடைக்கும் பிள்ளைகள், பள்ளியை விட்டுப் போகும்போதே தமிழ்வழிச் சான்றிதழை வாங்கி வைத்துவிட வேண்டும். பல வருடம் கழித்துத் தேர்வு எழுதி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்ட வாரத்தில் ஓடி வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பதிவேட்டைத் தேடி எடுக்கவே நேரம் பிடிக்கும்.

மூன்றாவது, 7.5 சதவீத ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021இலும் வந்தது. இது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும், உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. மாநகராட்சிப் பள்ளியில் பத்தாவது வரை படித்து நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை, "பேரு பெத்த ஸ்கூல்" என்று பிளஸ் ஒன்னுக்கு எய்டட் பள்ளிக்கு மாற்றினால் அந்த ஒதுக்கீடு அன்றோடு போயிற்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை தொடர்ச்சி வேண்டும். நீட் எழுத நினைக்கும் பிள்ளையாக இருந்தால், என் கணிப்பில், நோபல் பரிசுக்காரர் படித்த பள்ளி என்பதைவிட இருக்கிற மாநகராட்சிப் பள்ளியே மேல். இதைச் சேர்க்கை நேரத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆகஸ்டுக்குள் எண்ணிக்கையைக் காட்ட வேண்டிய அவசரத்தில் எந்தப் பள்ளிதான் சொல்லும்?

பிளஸ் ஒன்னுக்கு விசாரிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2017-18இல் வந்த பிளஸ் ஒன் பொதுத் தேர்வு 2025-26 முதல் இல்லை. அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததே, பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டி நேராகப் பிளஸ் டூ பாடத்துக்குப் போய்விடுகின்றன என்பதால்தான். பழைய வழக்கம் திரும்பலாம். நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து கேள்வி வரும். போன வருடத்து அரையாண்டு வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிளஸ் ஒன் பாடம் டிசம்பருக்குள் எவ்வளவு நடந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஆய்வகத்தை ஒரு தடவையாவது எட்டிப் பார்த்துவிட வேண்டும். அறிவியல் பாடங்களில் 100க்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. வேதியியல் மேஜையில் பியூரெட்டை, அதாவது திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாயை, எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்சுவரில் பழுப்புக் கறை படிந்திருந்தால் அது பெர்மாங்கனேட் விட்டுப்போன மாங்கனீஸ் டையாக்சைடு. பயன்படுத்தியவுடன் கழுவவில்லை என்று பொருள். ஆக்சாலிக் அமிலம் விட்டால் போய்விடும் கறைதான், ஆனால் அதைச் செய்ய ஆய்வக உதவியாளர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அந்தப் பணியிடமும் காலியாகக் கிடக்கலாம். அடைப்பானைத் திருகிப் பாருங்கள். இறுகிப்போயிருந்தால் அந்த பியூரெட் மாதக்கணக்கில் அலமாரியைவிட்டு இறங்கவில்லை. 20 மில்லி பிப்பெட் ஆளுக்கு ஒன்றா, நான்கு பேருக்கு ஒன்றா என்பதும் முக்கியம். நான்கு பேருக்கு ஒன்று என்றால் ஒருவன் செய்வான், மூவர் அளவைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.

கட்டிடம் பார்க்க அழகு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தக் காலத்துச் செங்கல், சுண்ணாம்புக் கட்டிடங்களில் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் இருப்பதால், மே மாத வெயிலிலும் கான்கிரீட் பள்ளியைவிட அறை குளிர்ச்சியாக இருக்கும். சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில். மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் தேக்கு உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, தட்டோடு (தட்டையான ஓடு) பதித்திருப்பார்கள். தட்டோட்டின் இணைப்பில் ஓர் அரசங்கன்று முளைத்தாலே தண்ணீர் இறங்க வழி கிடைத்துவிடும். அதைவிடப் பெரிய கேடு, சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசுவது. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கிய ஈரம் உப்பாகப் பூத்து, பக்கத்துச் செங்கல்லையும் பொடியாக்கும். நாளடைவில் சிமெண்ட் ஒட்டும் பெயர்ந்து விழும். எந்தப் பழைய பள்ளியைப் பார்க்கப் போனாலும் முகப்பை ரசித்துவிட்டு நேராக மாடியில் கடைசி வகுப்பறைக்குப் போய் மேலே பாருங்கள்.

பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற நன்கொடைத் திட்டம் அரசுப் பள்ளிகளுக்கானது. எய்டட் பள்ளிக்குச் செய்ய நினைப்பவர்கள் நிர்வாகத்திடம் அல்லது முன்னாள் மாணவர் அமைப்பிடம் நேராகத்தான் போக வேண்டும். பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் பணம் சேர்ந்ததும் எல்லோருக்கும் ஸ்மார்ட் போர்டு, கல்வெட்டு ஞாபகம்தான் வரும். குடிநீர் இயந்திரத்தின் மெம்பரேனை மாற்றவும், கழிப்பறை சுத்தம் செய்பவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கவும், உடைந்த பியூரெட்டுக்குப் பதில் வாங்கவும் ஆள் கிடைப்பதில்லை. இவற்றில் கல்வெட்டு வைக்க இடமில்லை என்பதுதான் காரணமோ என்னவோ.

சேர்க்கைக்குத் தேவையானவை: டி.சி., மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், எமிஸ் எண் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேட்டில் பிள்ளைக்கு உள்ள எண்). பழைய பள்ளி எமிஸில் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியால் சேர்க்க முடியாது. கையில் டி.சி. இருந்தும் அலைய வைக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். டி.சி. வாங்கும்போதே "எமிஸில் ரிலீஸ் ஆயிடுச்சா?" என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டணப் பாக்கியைச் சாக்குக் காட்டி டி.சி.யை நிறுத்துவதோ அதில் பாக்கி என்று எழுதுவதோ கூடாது என்று உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது.

பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரிலும் எமிஸிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே பார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் எமிஸிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தவறு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிவிட்டால் பிறகு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டியிருக்கும். அசல் டி.சி.யைக் கொடுத்தால் திரும்ப வராது. கொடுக்கும் முன் நான்கு நகல் எடுத்து, அதில் இரண்டில் பழைய பள்ளித் தலைமை ஆசிரியரின் சான்றொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கேட்பார்கள்.