பிராக் நகரில் யூரோ மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

செக் குடியரசு 2004ஆம் ஆண்டே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் அங்கே யூரோ நாணயம் இல்லை, கொருனாதான் செலாவணி. வியன்னாவையும் பாரிஸையும் பார்த்துவிட்டு, மீந்த யூரோவோடு பிராக் வந்து இறங்கும் நம் ஊர்ப் பயணிகள் முதலில் தேடுவது பணம் மாற்றும் கடையைத்தான். பிரதான ரயில் நிலையத்திலிருந்து வென்செஸ்லாஸ் சதுக்கம் வழியாகப் பழைய நகரச் சதுக்கத்துக்கு நடந்தால் அப்படிப்பட்ட கடைகள் வழியெங்கும் இருக்கின்றன. நேர்மையான கடைகளும் உண்டு. நாங்கள் மாட்டியது அப்படிப்பட்ட கடை அல்ல.

என் அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். பலகையைப் படிக்காமல் எதையும் வாங்குகிறவர் அல்லர். வாசலில் ‘கமிஷன் 0%’ என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. அதன் கீழே யூரோவுக்கு நேராக 25 கொருனாவை ஒட்டி ஓர் எண் பெரிதாக இருந்தது. சந்தை விலையும் ஏறத்தாழ அதுதான் என்பதால் அவர் நம்பி 200 யூரோவை நீட்டினார். 5,000 கொருனாவுக்குப் பக்கத்தில் கிடைத்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது 3,400. கேட்டதற்குப் பலகையின் இன்னொரு பத்தியைக் காட்டினார்கள். பெரிதாக எழுதியிருந்தது அவர்கள் நமக்கு யூரோ விற்கும் விலையாம். நம்மிடமிருந்து வாங்கும் விலை 17 என்று பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அந்தத் தெருவில் யூரோ வாங்க யார் வரப்போகிறார்கள்? வருகிற எல்லோரும் யூரோவைக் கொடுத்துக் கொருனா வாங்க வருகிறவர்கள். யாருக்கும் தேவைப்படாத விலையைப் பெரிதாக எழுதி வைப்பது வேண்டுமென்றே செய்கிற காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டோம். “கையெழுத்துப் போட்டாகிவிட்டது, முடிந்தது” என்றார் உள்ளே இருந்தவர்.

விடுதி வரவேற்பில் இருந்த பெண்மணி எங்கள் ரசீதைப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு மாற்றினீர்கள்?” என்பதுதான். அவர் சொல்லித்தான் அந்தச் சட்டமே எங்களுக்குத் தெரிந்தது. 2019 ஏப்ரல் முதல், செக் நாட்டில் கடையில் பணம் மாற்றியவர் மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் அந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்துகொள்ளலாம். 1,000 யூரோ மதிப்பு வரை இந்த உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டிருந்தாலும் உரிமை போய்விடாது.

உடனே திரும்பிப் போனோம். முதலில் மேலாளர் இல்லை என்றார்கள். பிறகு கல்லாவில் யூரோ இல்லை என்றார்கள். நான் ரசீதைக் கண்ணாடியில் ஒட்ட வைத்து, அதில் அச்சாகியிருந்த நேரத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அந்த நாட்டுக் காவல்துறை எண்ணான 158ஐ அழைக்கப் போவதாகச் சொன்னேன். இல்லாத யூரோ இழுப்பறையிலிருந்து வந்துவிட்டது. அப்பா ஒரு கொருனாகூடச் செலவழிக்காமல் வைத்திருந்ததால் காரியம் எளிதாக முடிந்தது. ரத்து செய்வதென்றால் வாங்கிய தொகை முழுவதையும் நாம் திருப்பித் தர வேண்டும். ஆகவே கடையை விட்டு வெளியே வந்ததும் முதலில் கணக்கைச் சரிபாருங்கள். காபி குடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ரசீதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பணம் மாற்றும் முன் பலகையைப் பார்த்துக் கணக்குப் போடுவதைவிட, “200 யூரோ கொடுத்தால் கையில் எத்தனை கொருனா தருவீர்கள்?” என்று கேட்டு, பதிலைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். செக் தேசிய வங்கி வேலை நாட்களில் பிற்பகல் 2.30 மணிக்குப் பிறகு அன்றைய மாற்று விலையைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதோடு ஒப்பிட்டால் கடையின் யோக்கியதை தெரிந்துவிடும்.

தெருவில் கிட்டே வந்து நல்ல விலை தருவதாகச் சொல்லும் ஆட்களிடம் நின்று பேசவே வேண்டாம். உரிமம் இல்லாமல் பணம் மாற்றுவது அங்கே சட்டவிரோதம். அவர்கள் தருவது பல்கேரியாவின் பழைய லெவாவாகவோ பெலாரஸின் பழைய ரூபிளாகவோ இருக்கும். லெவா 1999இலும் ரூபிள் 2016இலும் மதிப்பு மாற்றி அச்சிடப்பட்டபின் அந்தப் பழைய நோட்டுகள் செல்லாதவை. உண்மையான 1,000 கொருனா நோட்டில் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கியின் படம் இருக்கும். 500இல் எழுத்தாளர் போஷெனா நியெம்ட்சோவாவின் படம்.

ஏடிஎம் விஷயத்திலும் நிதானம் தேவை. நினைவுப்பொருள் கடை வாசலில் நிற்கும் இயந்திரங்களை விட்டுவிட்டு, வங்கிக் கிளையோடு சேர்ந்த ஏடிஎம்மைத் தேடுங்கள். “ரூபாயில் கணக்கிடட்டுமா?” என்று திரையில் வந்தால் மறுத்துவிட்டுக் கொருனாவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விலையை அந்த இயந்திரக்காரர்களே நிர்ணயிப்பார்கள்.

இனி, பழைய நகரச் சதுக்கத்தின் பன்றித்தொடைக் கறி. 1410ஆம் ஆண்டைச் சேர்ந்த வானியல் கடிகாரத்தில் மணிக்கு மணி அப்போஸ்தலர் உருவங்கள் வருவதைப் பார்த்துவிட்டுக் கூட்டம் அப்படியே உணவுக் கடைகளுக்கு நகர்கிறது. விறகுத் தீயில் முழுத் தொடை சுழன்றுகொண்டிருக்கிறது. அந்த வாசனைக்கு யாரும் நின்றுவிடுவார்கள். பலகையில் 99 கொருனா என்று கண்டு என் மைத்துனர் ஒரு தட்டு கேட்டார். வெட்டுகிறவர் தடித்த துண்டுகளாக அடுக்கிக்கொண்டே போனார். தராசின் எண்கள் அவர் பக்கம் திரும்பியிருந்தன. கடைசியில் கேட்ட விலை 416. பலகையின் மூலையில், விலை 100 கிராமுக்கு என்று இருந்தது. தட்டில் விழுந்தது 420 கிராம். இங்கே சாப்பிட விரும்புகிறவர்கள் முதலிலேயே “நூறு கிராம் மட்டும்” என்று சொல்லி, தராசைத் தங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். எடை கூடினால் வாங்க மறுத்துவிடுங்கள்.

உணவகங்களில் கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக் கூடைக்கும் பில்லில் காசு ஏறும். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பணம் மாற்றும் கடைகளைக் கண்காணிப்பது செக் தேசிய வங்கி. அதன் தலைமையகம் பௌடர் கோபுரத்துக்கு அருகே நா பிரிகோபே தெருவில் இருக்கிறது. உணவு எடை, விலை பற்றிய முறையீடுகளைச் செக் வணிக ஆய்வு அமைப்புக்கு அனுப்பலாம். ரசீதின் படம், விலைப் பலகையின் படம், தேதி, நேரம் நான்கையும் சேர்த்து நான் இரு இடங்களுக்கும் எழுதியிருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ஊர் திரும்பிய பிறகாவது எழுதி அனுப்புங்கள்.