தம்பிக்கு எழுதிய கடிதங்களில் ஓர் ஓவியரின் கை

திருகோணமலையில் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்துவரும் எனக்கு, ஓவியம் பற்றிய நூல்களை வாங்குவது பல வருடப் பழக்கம். பயிற்சி நூல்களில் கோடும் நிழலும் இருக்கும். அவற்றைப் போட்ட மனிதரைக் காண முடியாது. வாழ்க்கை வரலாறுகளில் மனிதர் இருப்பார். அவருடைய கை எவ்வாறு பழகியது என்ற செய்தி அரைப் பக்கத்தைத் தாண்டாது. இரண்டையும் ஒரே நூலில் தேடிக்கொண்டிருந்த எனக்கு, கடந்த வருடம் நகரத்துப் புத்தகக்கடை ஒன்றின் மூலம் கொழும்பிலிருந்து வரவழைத்த, டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோவின் கடிதத் தெரிவு, ஆங்கில மொழிபெயர்ப்பானாலும், மனநிறைவைத் தந்தது.

வான்கோ ஓவியராவதென்று தீர்மானித்தது 1880இல், தமது 27ஆவது வயதில். 1890இல் இறந்துவிட்டார். இடைப்பட்ட பத்து வருட உழைப்பும், தமக்குப் பணம் அனுப்பித் தாங்கிநின்ற தம்பி தியோவுக்கு அவர் எழுதிய கடிதங்களில் பதிவாகியிருக்கிறது. அவற்றுள் 650க்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. அண்ணன் இறந்து ஆறு மாதத்தில் தியோவும் இறந்துவிட, ஒரு வயதும் நிறையாத குழந்தையுடன் தனித்துப்போன தியோவின் மனைவி யோஹன்னா இக்கடிதங்களைப் பாதுகாத்து, ஒழுங்குபடுத்தி, 1914இல் வெளியிட்டார். அந்தப் பெண்ணின் பொறுமை இல்லையென்றால் இந்த நூலே இல்லை.

வான்கோவும் நூல்களைப் பார்த்துப் பழகியவர் என்பது என் மாணவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பெல்ஜியத்தின் சுரங்கப் பகுதியில் இருந்தபோது, ஷார்ல் பார்க் என்ற பிரெஞ்சுக்காரர் தயாரித்த கரிக்கோல் பயிற்சித் தாள்கள் அறுபதையும் இரவல் வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். மாபெரும் ஓவியங்களையெல்லாம் தீட்டி முடித்தபின், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், அதே தாள்களை அனுப்பிவைக்கும்படி தம்பியிடம் மீண்டும் கேட்கிறார். பார்த்து வரைவதைக் குறைவாக எண்ணும் எந்தப் பிள்ளைக்கும் நான் முதலில் காட்டுவது இந்தக் கடிதத்தைத்தான்.

நூலில் நான் அதிகம் தங்கியது 1882ஆம் ஆண்டின் ஹேக் நகரக் கடிதங்களில். மரச்சட்டம் ஒன்றுக்குள் குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் இழைகளைக் கட்டி, அதன் ஊடாகக் காட்சியைப் பார்த்து, தூரத்தையும் அளவையும் பிடிக்கிறார். கொல்லரிடம் கொடுத்துக் கால்களுக்கு இரும்பு முனை பூட்டியதையும், கடற்கரை மணலில் அதை ஊன்றி நிறுத்துவதையும் சிறு படம் போட்டே தம்பிக்கு விளக்குகிறார். அதைப் பார்த்து, தங்கூசி நூல் கட்டிய ஒரு சட்டத்தை நாங்களும் செய்து டச்பே கடற்கரைக்குக் கொண்டுபோனோம். கோணேஸ்வரம் கோயில் நிற்கும் சுவாமிமலையை எப்போதும் தாளின் பாதியளவுக்கு வரையும் ஒரு மாணவி, ஒற்றைக் கண்ணை மூடிச் சட்டத்தினூடாகப் பார்த்துவிட்டு, "சேர், மலை இரண்டு கட்டத்துக்குள்ள அடங்குது" என்றாள். ஒரு தவணை முழுவதும் கரும்பலகையில் நான் விளங்கப்படுத்த முயன்றதை அவள் அந்த ஒரு பார்வையில் பிடித்துக்கொண்டாள்.

அதே ஆண்டு ஸ்கெவெனிங்கன் கடற்கரையில் புயற்காற்றுக்குள் நின்று தீட்டிய படத்தில் மணல் அப்பிக்கொள்ள, அதைச் சுரண்டியெடுத்து, பக்கத்திலிருந்த சிறு விடுதியில் இருந்து மறுபடி தீட்டியதாக எழுதுகிறார். அந்தப் படத்தின் சாயத்தில் மணல் துகள்கள் இன்றும் இருக்கின்றன. கடற்கரையில் படம் வரைந்த எவருக்கும் இது அந்நியமான செய்தியாக இராது. 1888இல் மத்தியதரைக் கடலைப் பார்த்தபோது, அதன் நிறம் கானாங்கெளுத்தி இன மீனின் நிறம், பச்சையா ஊதாவா நீலமா என்று சொல்ல முடியாமல் மாறிக்கொண்டே இருக்கிறது என்கிறார். விடியற்காலையில் சந்தையில் கும்பிளா மீனின் முதுகைப் புரட்டிப் பார்த்த எங்களுக்கு, அவர் சொல்லும் நிறம் எதுவென்று வேறெவரும் விளக்கவேண்டியதில்லை.

வான்கோ தமது காதை அறுத்துக்கொண்ட சம்பவத்தை மட்டும் தேடி வருவோருக்கு இங்கே அதிகம் கிடைக்காது. அதை நான் குறையாகக் கருதவில்லை. அந்த ஒரு நாளைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளின் மனதில் அவரைப் பித்தராக்கி வைத்திருக்கிறோம். உண்மையான குறை அச்சில் இருக்கிறது. நான் வாங்கிய பதிப்பில் கடிதப் படங்கள் தபால்தலை அளவில், சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கின்றன. கோடுகளை நம்பியே வாழ்ந்த ஒருவரின் நூலுக்கு இது தகாது. ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான்கோ அருங்காட்சியகம் 2009 முதல், அவர் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமான 902 கடிதங்களையும் படங்களுடன் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நூலைக் கையில் வைத்து வாசித்து, படங்களை அங்கே பெரிதாக்கிப் பார்ப்பதே நான் கண்ட வழி.

இளமைக்காலக் கடிதங்களில் சமயப் பிரசங்கம் மிகுந்து சோர்வு தட்டும். வாசிக்கத் தொடங்குவோர் 1882இல் புகுந்து, மரச்சட்டம் வரும் பக்கங்களை முதலில் படித்துவிட்டு, பின்னர் முன்பக்கங்களுக்குத் திரும்பலாம்.